விடை சரி, புரிந்ததா?

"கிலுமன் தன் டொப்பரியைச் சலுவத்தில் மோத்தினான்."

கிலுமன் எதை மோத்தினான்? டொப்பரியை. எங்கே மோத்தினான்? சலுவத்தில். இரண்டுக்கு இரண்டு மதிப்பெண்! வாக்கியத்துக்கு அர்த்தமே கிடையாது, இப்போதுதான் இட்டுக்கட்டினேன். பத்தியைப் படித்து விடை எழுதச் சொல்லும் பயிற்சித் தாள்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் இந்த ரகம்தான். கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடு, பக்கத்தில் இருப்பதை எடுத்து எழுது, முடிந்தது வேலை. பிள்ளைகள் இந்தச் சூட்சுமத்தைச் சீக்கிரமே பிடித்துவிடுகிறார்கள், நாமும் நன்றாகப் படிக்கிறான் என்று நம்பிவிடுகிறோம்.

அதற்குப் பதில் இப்படி ஒன்று கொடுத்துப் பாருங்கள்: "ரவி உள்ளே வந்ததும் குடையை மூலையில் சாய்த்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டான்." வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது? எடுத்தெழுதியே பழகிய பிள்ளை "அது பாடத்தில் இல்லையே" என்று சொல்லும். இல்லைதான். மழை என்று ஒரு வார்த்தைகூட இல்லை. குடை, துவட்டுவது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மழை வரும். "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேட்டுப் பழக்கினால் போதும், கொஞ்ச நாளில் பிள்ளையே வரியில் விரலை வைத்துக் காட்ட ஆரம்பித்துவிடும்.

புரியவில்லை என்பதே பிள்ளைகளுக்குப் பல சமயம் தெரிவதில்லை. எல்லன் மார்க்மன் என்ற உளவியலாளர் 1979-இல் வெளியிட்ட ஆய்வில் மீன்களைப் பற்றி ஒரு பத்தி வரும். கடலடியில் வெளிச்சமே இல்லை, அந்த இருட்டில் மீனுக்கு நிறம்கூடத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அங்கே வாழும் சில மீன்கள் நிறத்தைப் பார்த்துத்தான் இரையை அடையாளம் காண்கின்றன என்று முடியும். கேட்ட பிள்ளைகளில் பலருக்கு எதுவும் இடிக்கவில்லை, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உட்பட. அதனால் நான் வேண்டுமென்றே ஒரு முரணான வரியைச் செருகி, "இதில் ஒரு கோளாறு இருக்கு, கண்டுபிடி" என்று கொடுப்பதுண்டு. பிள்ளைகளுக்கு இது பிடிக்கும், பெரியவர்களின் தப்பைப் பிடிப்பதில் அப்படி ஒரு குஷி.

அப்புறம், விஷயஞானம். 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 64 மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் விவரிப்பைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பால் தெரிந்தவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஆக, இந்தப் பையனுக்கு வாசிப்பு வராது என்று முத்திரை குத்துவதற்கு முன்னால், எதைப் பற்றி வாசிக்கக் கொடுத்தோம் என்று பார்க்க வேண்டும். ஒரு வாரம் எறும்பு என்றால் எறும்புதான், கதை, படம், செய்தி எல்லாமே அதைப் பற்றி; நாலாவது கட்டுரைக்கு வரும்போது கடினமான சொற்கள்கூடத் தடுக்காது.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்துவிட்டதே என்று வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். தானாக வாசித்துப் புரிந்துகொள்வதைவிடக் கடினமானவற்றைக்கூடப் பிள்ளைகள் காதால் கேட்டுப் புரிந்துகொள்வார்கள், அந்த இடைவெளி பல வருஷம் இருக்கும். நடுவில் நிறுத்தி "இப்போ என்ன செய்வாள்னு நினைக்கிறே?" என்று கேட்கலாம். ஆனால் பக்கத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம், கதை நன்றாகப் போய்க்கொண்டிருந்தால் அதுவும் வேண்டாம்.