கலகலக்காத சாம்பார்

ஆவணியில் ஆரம்பித்தது, இப்போது பங்குனி. வைகாசியில் நாங்கள் மூன்று பேர் உத்தராகண்டில் ஹர் கி தூன் பள்ளத்தாக்குக்கு நடக்கப் போகிறோம். சாங்க்ரி வரைக்கும் வண்டி, அப்புறம் கால்தான். கூடாரத்தில் தங்கி நாங்களே பொங்கித் தின்ன வேண்டும். எல்லா வேளையும் நூடுல்ஸ் என்றால் மூன்றாம் நாளே எனக்கு ரசத்துக்கு நாக்கு அலையும். அதனால் வீட்டில் சமைத்ததையே உலர்த்தி எடுத்துப்போகலாம் என்று இறங்கினேன்.

அரிசி பருப்பையே கொண்டுபோனால் என்ன என்று அம்மா கேட்டார். 3,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அந்தச் சூட்டில் துவரம்பருப்பு வேகக் காத்திருந்தால் கேஸ்தான் தீரும். கேஸ் டப்பாவை ரயிலில் கொண்டுபோகவும் விடமாட்டார்கள், டேராடூனில்தான் வாங்க வேண்டும். ஏற்கெனவே வெந்து உலர்ந்தது என்றால் வெந்நீரில் ஊறினால் போதும். அவல் ஊறுகிற மாதிரிதான்.

எங்களுக்கு வலங்கைமான் பக்கம். வருஷா வருஷம் மொட்டைமாடியில் வற்றல் போடுகிற வீடு. சுண்டைக்காய்க்குச் செய்வதைச் சோற்றுக்குச் செய்யப்போகிறோம், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பழைய வேட்டியை விரித்துச் சோற்றைப் பரப்பினேன். முதல் நாள் மூன்று மணிக்கே மழை. மறுநாள் மேலே காய்ந்தது, உள்ளே பிசுபிசுவென்று இருந்தது, கிட்டப் போனாலே புளித்த வாடை. வற்றலில் உப்பு இருக்கிறது, சுள்ளென்ற பங்குனி வெயில் இருக்கிறது. ஆவணி வெயிலில் வெறும் சோறு எப்படித் தாங்கும்? கோழிக்குப் போட்டோம். கும்பகோணத்தில் விசாரித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஆறு தட்டு வைத்த டீஹைட்ரேட்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். ஒரு சின்ன ஹீட்டர், ஒரு ஃபேன், அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

சோறுதான் சுலபமாக வந்தது. 500 கிராம் பொன்னி புழுங்கலை உதிரியாக வடித்து, 60 டிகிரியில் எட்டு மணி நேரம். நடுவில் இரண்டு முறை கையால் கட்டிகளை உதிர்த்துவிட வேண்டும். கடைசியில் நிறுத்தால் 455 கிராம்! தட்டில் ஒட்டியது கொஞ்சம் போக, நாம் வாங்குகிற அரிசியிலேயே நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு ஈரம் இருக்கிறது. அதிலும் பாதி போய்விட்டது.

ரசம் அதைவிட நன்றாக வந்தது. தக்காளி, புளி, பூண்டு எல்லாவற்றையும் கெட்டியாகக் கொதிக்கவிட்டு, அரைத்து, பட்டர் பேப்பரில் மெல்லிசாகத் தேய்த்துக் காயவைத்தால் அப்பளம் மாதிரி உரிந்து வரும். மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றினால் பொடி. சாம்பாரும் அதே முறைதான், காய்களை மட்டும் பொடியாக நறுக்கித் தனியாக உலர்த்த வேண்டும். கேரட், பீன்ஸ் பழுதில்லை. கத்தரிக்காய் செருப்புத் தோல். கொண்டைக்கடலை மறுபடி கூழாங்கல்லாகிவிட்டது, அரை மணி நேரம் ஊறியும் பல்லைப் பதம் பார்த்தது. பயத்தம்பருப்பைக் குழைய வேகவைத்து உலர்த்தினால் வெந்நீர் பட்டதுமே கரைகிறது, அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு அடி வாங்கினேன். முதல் சாம்பாரைப் பழக்கதோஷத்தில் தாளித்துவிட்டேன். தண்ணீர் ஆவியாகும், எண்ணெய் எங்கே போகும்? ஒரு மாதத்தில் சிக்கு வாடை. இப்போது எதிலும் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. நெய் தனியாகப் போகிறது. 100 கிராம் நெய்யில் 900 கலோரிக்குக் கிட்ட இருப்பதால் நடக்கிறவனுக்கு அந்த எடை வீண் இல்லை.

அப்புறம் ஐப்பசி வந்தது. உலர்த்தியதையெல்லாம் எவர்சில்வர் டப்பாக்களில் போட்டு பரண் மேல் வைத்திருந்தேன். அடைமழை விட்ட ஒரு நாள் சாம்பார் டப்பாவைத் திறந்து ஆட்டினேன். சத்தமே இல்லை. பொடி முழுக்க ஒரே கட்டியாகி டப்பாவின் வடிவத்தில் நின்றது. ஸ்பூனால் உடைத்தால் நடுவில் ஒரு கேரட் துண்டு, அதன் மேல் சாம்பல் பச்சையில் பூஞ்சை, பூனைக்குட்டி முடி மாதிரி. அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே ஈரப்பதம் 89 என்று காட்டியது நான் வாங்கி மாட்டியிருந்த மீட்டர். காற்றே இப்படி இருக்கும்போது டப்பாவின் மூடி என்ன செய்யும்? அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வத்தல்னா கலகலன்னு சத்தம் வரணும் தம்பி. நமத்துப்போனதை மூடி வச்சா இப்படித்தான்" என்றார்.

அப்பா வேறு சேர்ந்துகொண்டார். நெல்லுக்கு 17 சதவீதம் வரைதான் ஈரப்பதம் என்ற கணக்கோடு அரசு கொள்முதல் நிலைய வாசலில் வருஷக்கணக்கில் நின்ற ஆள். மெஷின் வைப்பதற்கு முன்பே நெல்லைக் கடித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். என் சோற்றில் நாலு பருக்கையை வாயில் போட்டுக் கடித்தார். "நெல்லா இருந்தா எடுத்துக்குவாங்க. மூட்டை கட்டி வைக்க இது ஆகாது." கடித்தால் டக்கென்று ஒடிய வேண்டுமாம், இது அமுங்கியது. எட்டு மணி நேரம் ஆகிவிட்டது என்று கடிகாரத்தைப் பார்த்து இறக்கியதுதான் தப்பு. மழை நாளில் அதே சோற்றுக்குப் பதினொரு மணி நேரம் ஆகிறது.

தை பிறந்ததும் எல்லாவற்றையும் புதிதாகச் செய்தேன். இறக்கிய ஈடு ஒவ்வொன்றும் ஆறியவுடனே கண்ணாடி பாட்டிலுக்குப் போய்விடும். முக்கால் பாட்டில்தான், ஆட்ட இடம் வேண்டும். ஒரு வாரம், பத்து நாள், தினமும் காலையில் ஒரு ஆட்டு. கண்ணாடியில் வேர்த்தாலோ துண்டுகள் ஒட்டினாலோ திரும்பத் தட்டுக்கு. சில துண்டு நன்றாகக் காய்ந்திருக்கும், சிலது காய்ந்திருக்காது. இந்த ஒரு வாரத்தில் ஈரம் எல்லாவற்றுக்கும் சமமாகப் பரவிவிடும், கள்ளத்தனம் வெளியே தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் பாக்கெட். வேக்கம் போட்டு கவரில் இருக்கும் காற்றை உறிஞ்சியதும் உலர்ந்த சோற்றின் முனை ஊசி மாதிரி கவரைக் குத்தி, மறுநாள் காற்று புகுந்து தொளதொளவென்று இருந்தது. இப்போது பட்டர் பேப்பரில் மடித்து உள்ளே வைக்கிறேன். ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலமும் சிலிக்கா ஜெல்லும் ஒரே கவரில் கூடாது. முதலாவதில் இருக்கும் இரும்புத்தூள் வேலை செய்யக் கொஞ்சம் ஈரம் வேண்டும், சிலிக்கா அதைப் பிடுங்கிக்கொள்ளும்.

போன ஞாயிறு மொட்டைமாடியில் ஒத்திகை. தண்ணீரைக் கொதிக்கவிட்டு, 88 டிகிரிக்கு இறங்கும்வரை தெர்மாமீட்டரோடு காத்திருந்து, 120 கிராம் ரசம்சாதத்தில் ஊற்றி, மூடி, துண்டால் சுற்றினேன். பதினைந்து நிமிஷத்தில் நடுவில் நறுக்கென்றது. இருபத்தைந்தில் சரி. நெய் விட்டுப் பிசைந்தேன். அப்பா இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஊறவைத்ததை மிச்சம் வைத்து ராத்திரிக்கு வைத்துக்கொள்ளக் கூடாது, அது சமைத்த சோறு மாதிரியே கெடும்.

பிடிபடாதது தயிர்சாதம் ஒன்றுதான். தயிரை மட்டும் உலர்த்தினால் மணல் மாதிரி நெறநெறக்கிறது. சோற்றைக் கெட்டி மோரில் பிசைந்து உலர்த்திப் பார்த்திருக்கிறேன். மணம் கொஞ்சம் சீஸ் பக்கம் போகிறது, ஆனால் மோர்மிளகாயோடு தாராளமாக இறங்குகிறது. அந்த ஈடு பச்சை மூடிப் பாட்டிலில் இருக்கிறது. இன்று நான்காம் நாள். இன்னும் கலகலக்கிறது.