கொடுக்காத சாவி

“பிரேக் போட்டா வண்டி நிக்குதுல்லண்ணே, அப்புறம் என்ன?” என்று அந்த டிரைவர் தம்பி கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் சரியானதுதான். அது போதுமான பதிலா என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.

அவருடையது 2004 மாடல் டாடா 207 சரக்கு வண்டி. பூம்பாறையில் பூண்டு மூட்டைகள் காத்திருந்தன. இரவோடு இரவாக ஏற்றி, கொடைக்கானல் மலைப்பாதையில் இறங்கி, விடிவதற்குள் வடுகபட்டிச் சந்தையில் சேர்க்க வேண்டும். வத்தலக்குண்டில் என் பட்டறையில் பிரேக் ஆயில் மாற்றி, பைப்லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றி ‘ஏர் எடுத்தால்’ போதும் என்றுதான் வந்தார். செய்தேன். என்ஜினை ஓடவிட்டுப் பெடலை ஓங்கி மிதித்தால் கல்லாக நின்றது. மெல்ல மிதித்துக் காலை அப்படியே வைத்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சக்கரங்களிலோ பைப்லைனிலோ ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. அப்படியென்றால் கோளாறு, பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள்தான். அங்குள்ள ரப்பர் கப்பின் விளிம்பு தேய்ந்திருந்தால், ஓங்கி மிதிக்கையில் அழுத்தத்தில் விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மெல்ல மிதிக்கையில் ஆயில் அதன் ஓரமாகப் பின்னால் கசிந்துவிடும். சமதரையில் இது எளிதில் தெரியாது. மலை இறக்கத்தில்தான் காலை எடுக்காமல் அழுத்தி வர வேண்டியிருக்கும்.

அவரையும் மிதிக்கச் சொன்னேன். இறங்குவதை உணர்ந்த பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். மாற்ற வேண்டிய ரப்பர் கப் உள்ள கிட் திண்டுக்கல்லிலிருந்து மறுநாள்தான் வரும், அதுவரை சாவி தரமாட்டேன் என்றேன்.

“செகண்ட் கியர்லதாண்ணே இறங்குவேன். பிரேக்கை நம்பியா மலையில ஓட்டுறோம்?”

இதை எளிதில் தள்ளிவிட முடியாது. என்ஜினைக் கொண்டே வண்டியைப் பிடித்து இறக்குகிறவர்கள்தாம் மலை அறிந்த ஓட்டுநர்கள். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரை தாங்கும், ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம் என்பதெல்லாம் பிரேக்கையே அழுத்திக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் பாடம்; அவருக்கு அது தேவையில்லை. ஆனால் வளைவில் திடீரென்று பஸ் எதிரே வந்தால் கியர் மட்டும் வண்டியை நிறுத்திவிடாது. அதைச் சொன்னபோது, “உங்க பயத்துக்கு என் பொழப்பை ஏண்ணே நிறுத்துறீங்க?” என்றார்.

மறுநாள் பிரித்துப் பார்த்தேன். கப்பின் விளிம்பு ஒரு பக்கம் மழுங்கியிருந்தது, கிழியவில்லை. அன்றிரவு அவர் பத்திரமாக இறங்கியிருக்கவும் கூடும். லோடு வேறு வண்டிக்குப் போய்விட்டது, அந்த விவசாயி பிறகு இவரை அழைப்பதே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

பழுதைக் கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. சாவியைப் பிடித்து வைப்பதும் என் வேலைதானா? எதிரே வரும் பஸ்ஸில் இருக்கிறவர்களை யார் கேட்டார்கள் என்று நினைக்கும்போது, ஆம் என்றே தோன்றுகிறது. ஆனால் அவர்களுக்காக அந்த இரவின் நஷ்டம் முழுவதையும் சுமந்தவர் அவர் ஒருவர்தான்; நானோ கிட்டுக்கும் கூலிக்கும் காசு வாங்கிக்கொண்டேன். கூலியையாவது விட்டிருக்கலாம் என்று என் மனைவி சொன்னாள். விட்டிருந்தால், வண்டியை நிறுத்தியதே தவறு என்று நானே சொன்னதாகிவிடும் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் ஒரு பக்கம் அப்படித்தான் நினைக்கிறேன்.