நாற்பது நிமிட மருந்தும் ஏழு மாத மணலும்

2025 ஜூன் 28, சனி

தம்பிக்கு மருந்தை மாற்றப் போகிறார்கள். புதுச்சேரியில் அவனைப் பார்க்கும் மனநல மருத்துவர் இன்று கெட்டமைன் என்று சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினேழு வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் நர்சாக இருக்கிறேன். அந்தக் குப்பியை எத்தனை முறை எடுத்துக் கொடுத்திருப்பேன்! எலும்பு முறிந்து துடிக்கும் பிள்ளைக்கும், ரத்தம் போய் பிரஷர் இறங்கிக் கிடப்பவருக்கும் மயக்க டாக்டர் கேட்கும் மருந்து அது. 1962இல் அமெரிக்காவில் உருவாக்கினார்கள். 1970இல் அங்கே அனுமதி கிடைத்து, வியட்நாம் போர்க்களம் வரை போனது. மனச்சோர்வுக்கும் தருகிறார்கள் என்று காதில் விழுந்திருந்தது. அது என் வீட்டுக்கே வரும் என்று நினைக்கவில்லை.

போன நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. அதைக்கூடத் தாங்கிவிட்டான். அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட்ட தண்ணீர் பெண்ணையாற்றில் வந்தது. கடலூர் ஆல்பேட்டை தாண்டிக் கரையோரம்தான் அவன் நிலம். வாழை போனது, வடிந்த பிறகு பார்த்தால் முழங்கால் உயரத்துக்கு மணல். குழுக் கடன், நகைக் கடன், உரக்கடை பாக்கி எல்லாம் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரியில் ஒரு மாத்திரை, ஏப்ரலில் வேறொன்று. இரண்டுமே வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். காத்திருந்தோம். போன வாரம், “வாழவே வேணாம் போல இருக்குக்கா” என்றான். அன்றிரவு அரசின் மனநல உதவி எண் 14416க்கு நான்தான் கூப்பிட்டேன். டெலி மானஸில் பேசிய பெண் அரை மணி நேரம் தமிழில் அவனோடு நிதானமாகப் பேசினார். காலையில் முதல் வேலையாக மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொன்னதும் அவர்தான்.

ஜூலை 1, செவ்வாய்

டியூட்டி முடிந்து வந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஓயாத நெருக்கடி மூளையை என்ன செய்கிறது என்பதை நம் பக்கத்து பெங்களூரிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். சுமந்த்ர சட்டர்ஜியின் குழு 2002இல் வெளியிட்டது. எலிகளை தினமும் இரண்டு மணி நேரம் அசையவிடாமல் பத்து நாள் வைத்தார்கள். ஞாபகத்துக்கு வேண்டிய ஹிப்போகேம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின. பயத்தைக் கையாளும் அமிக்டலாவில் கிளைகள் நீண்டன. பின்னால் செய்த இன்னொரு ஆய்வில், 21 நாள் எலிகளை நிம்மதியாக விட்டும் பார்த்தார்கள். அமிக்டலாவில் வளர்ந்த கிளைகள் சுருங்கவில்லை, எலிகளின் பதற்றமும் தணியவில்லை.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையிலும் இதே தேய்மானம் உண்டு. அங்கே நரம்பணுக் கிளைகளில் முருங்கை மொட்டுபோலச் சின்னச் சின்ன முனைகள் இருக்கும். ஒரு அணு இன்னொன்றின் சேதியை வாங்கும் இடம் அது. நெருக்கடி நீண்டால் அந்த மொட்டுகள் உதிர்கின்றன.

படிக்கப் படிக்கத் தம்பி கண்முன் நிற்கிறான். போன் அடித்தால் உடம்பு நடுங்குகிறது. ஆனால் இன்றைக்குக் குளிக்கலாமா வேண்டாமா என்பதைக்கூட அவனால் முடிவு செய்ய முடியவில்லை. ஊரில் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாமா ஒருவர் அவன் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவரை உட்கார வைத்து இந்த எலிக் கதையைச் சொல்ல வேண்டும்.

ஜூலை 3, வியாழன்

முதல் ஊசி இன்று.

காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறினோம். ஆல்பேட்டை தாண்டி ஆற்றுப் பாலம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஏழு மாதமாக இப்படித்தான்.

எடை 68 கிலோ. கிலோவுக்கு அரை மில்லிகிராம் கணக்கில் 34 மில்லிகிராம், சலைனில் கலந்து நாற்பது நிமிடம் பம்பில் மெதுவாகப் போனது. தியேட்டரில் தூங்க வைக்க இதைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு ஒரே மூச்சில் போகும். அளவும் வேகமும் மாறினால் அதே மருந்து வேறு வேலை செய்கிறது. இங்கும் அது பூட்டிய அலமாரியில்தான் இருந்தது. எக்ஸ் அட்டவணை மருந்து, ஒவ்வொரு குப்பிக்கும் கணக்கு உண்டு. போதைக்காக இதை அடிக்கடி எடுப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பை புண்ணாகிப் போவதுண்டு. அதனால்தான் அம்மாவிடம், இதெல்லாம் ஆஸ்பத்திரியில் மானிட்டர் போட்டுச் செய்ய வேண்டியது, வீட்டில் தொடக்கூட முடியாது என்று அழுத்திச் சொல்லியிருந்தேன்.

பதினைந்தாவது நிமிடம் கண் லேசாக ஆட ஆரம்பித்தது. “அக்கா, கை என்னுது இல்ல போல இருக்கு” என்றான். கையைப் பிடித்துக்கொண்டேன். பிரஷர் 124லிருந்து 148க்கு ஏறி, பம்ப் நின்ற பிறகு இறங்கியது. ஒருமுறை குமட்டினான். அப்புறம் இரண்டு மணி நேரம் அங்கேயே படுக்க வைத்திருந்தார்கள். இன்று வண்டி ஓட்டக் கூடாது, எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

மற்ற நோயாளிகளுக்கு எத்தனை தடவை செய்திருக்கிறேன். என் தம்பி கையில் ஊசி ஏறும்போது என் கை சில்லிட்டுப் போனது.

ஜூலை 4, வெள்ளி

காலை ஆறரைக்குத் தம்பி பெண்டாட்டி போன் செய்தாள். “அண்ணி, அவரு பசிக்குதுன்னு கேட்டாரு. அவராவே கேட்டாரு.” அடுக்களையில் நின்றபடியே அழுதுவிட்டேன்.

இவ்வளவு சீக்கிரமா என்று முதலில் நம்பாதவர்கள் மருத்துவர்களேதான். 2000ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் ஏழே பேரிடம் செய்து பார்த்தார்கள். 2006இல் கார்லோஸ் சராத்தே குழு, பல மாத்திரைகள் கேட்காதவர்களிடம் செய்தது. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே மாற்றம் தெரிந்தது. சிலருக்கு ஒரு வாரம் நின்றது. எல்லோருக்கும் கேட்பதில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது.

உள்ளே நடப்பது இது என்கிறார்கள். நரம்பணுவில் சேதி நுழையும் என்எம்டிஏ என்ற வாசலைக் கெட்டமைன் அடைக்கிறது. அதன் விளைவாக, அணுக்கள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் குளூட்டமேட் என்ற ரசாயனம் கொஞ்ச நேரம் பெருகி வேறொரு வாசல் வழியாகப் பாய்கிறது. பிடிஎன்எஃப் என்ற வளர்ச்சிப் புரதம் வெளியாகிறது. எம்டார் என்ற ஏற்பாடு முடுக்கிவிடப்பட்டு, இணைப்புக்கு வேண்டிய புரதங்கள் உற்பத்தியாகின்றன. ரொனால்ட் டூமன் குழு இதை எலிகளின் முன்மூளையில் 2010இல் காட்டியது. மறு வருடம், 21 நாள் நெருக்கடியில் தேய்ந்த இணைப்புகளை ஒரே ஒரு தவணை மீட்பதையும் காட்டினார்கள்.

2019இல் கானர் லிஸ்டன் குழு செய்த சோதனைதான் ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. நெருக்கடி ஹார்மோனை 21 நாள் கொடுத்த சுண்டெலிகளின் மூளையில், எந்த மொட்டு எங்கே உதிர்ந்தது என்று நுண்ணோக்கியில் குறித்து வைத்தார்கள். கெட்டமைன் கொடுத்த மூன்று மணி நேரத்தில் சுண்டெலி தெளிந்துவிட்டது. மொட்டுகள் அரை நாளுக்குப் பிறகுதான் முளைத்தன, பலவும் உதிர்ந்த அதே இடங்களிலேயே. புதிதாக முளைத்தவற்றை மட்டும் ஒளியால் அழித்தபோது, வந்த தெளிவு நிலைக்கவில்லை. தெளிவு முதலில் வருகிறது, அதைப் பிடித்து வைப்பவை பின்னால் முளைக்கும் மொட்டுகள். அப்படியானால் தம்பியின் தலைக்குள் இந்நேரம் வேலை நடந்துகொண்டிருக்கும். மனித மூளையை அப்படித் திறந்து பார்க்க வழியில்லைதான். இருந்தாலும் நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 7, திங்கள்

இரண்டாவது ஊசி. குமட்டல் இல்லை. திரும்பும்போது அரியாங்குப்பத்தில் இறங்கி இட்லி சாப்பிட்டோம். நாலு சாப்பிட்டான்.

ஜூலை 11, வெள்ளி

நேற்று மூன்றாவது ஊசி போட்டுத் தெளிவாக வந்தவன். இன்று மதியம் கடன் வசூலுக்கு இரண்டு பேர் வாசலில் நின்று, பக்கத்து வீடுகளுக்குக் கேட்கும்படி பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் போனபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். “மருந்து போயிடுச்சுக்கா” என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அரும்பாடுபட்டு முளைக்க வைத்ததன்மேல் வெந்நீரை ஊற்றுகிறார்கள். மருந்து நேற்றைய சேதத்தைத்தான் சரிசெய்யும், நாளைக்கு வாசலில் வந்து நிற்பவனை அது என்ன செய்யும்? கட்டாயக் கடன் வசூலுக்கு எதிரான மசோதா ஏப்ரலில்தான் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. என் வீட்டுக்காரர் அந்தச் செய்தித்தாளைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார். நாளைக்கு அவர்கள் அலுவலகத்துக்கே நேரில் போகிறோம்.

ஜூலை 14, திங்கள்

சனிக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசினோம். தவணையை அறுவடை வரை தள்ளி எழுதிக் கொடுத்தார்கள். இனிமேல் பேச வேண்டுமென்றால் என் நம்பருக்குத்தான் போன் செய்ய வேண்டும்.

இன்று நாலாவது ஊசி. மருத்துவரிடம் வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். ஆச்சரியப்படவில்லை. மாத்திரையைத் தொடரச் சொன்னார், ஆலோசகரோடு வாரம் ஒருமுறை பேச ஏற்பாடு செய்தார். மனம் திறந்திருக்கும் இந்த நாட்களில்தான் பேச்சு உள்ளே போகும் என்றார். தம்பி உள்ளே போய் ஐம்பது நிமிடம் பேசியிருக்கிறான். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

நேற்றோடு ஆறு ஊசி முடிந்தது. மனச்சோர்வின் தீவிரத்தை அளக்க மருத்துவர் நிரப்பும் கேள்வித்தாளில் முதல் நாள் 33, நேற்று 15. இனி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் தேவையைப் பார்த்து. இன்னும் ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. வாசலில் பைக் சத்தம் கேட்டால் தோள் இறுகுகிறது. அமிக்டலாவில் நீண்ட கிளைகள் 21 நாள் ஓய்வில்கூடச் சுருங்கவில்லை என்று படித்தது ஞாபகம் வந்தது.

சாயங்காலம் நிலத்திலிருந்து போட்டோ அனுப்பினான். ஒரு குச்சியில் விரலளவுக்குக் கோடு போட்டு, மணலில் நட்டு, ஒவ்வொரு மூலையாக ஆழம் பார்த்திருக்கிறான். கிழக்கு மூலையில் கணுக்கால் அளவுதான். அப்புறம் போன்.

“அக்கா, இந்த மணல்ல மல்லாட்டை வரும்னு பக்கத்துக் கொல்லைக்காரர் சொல்றாரு. ஆடிப்பட்டம் போயிடும். ஒரு ரெண்டாயிரம் இருக்குமா?”

ஏழு மாதத்தில் அவன் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. வியாழக்கிழமை எனக்கு நைட் டியூட்டி. காலையில் வந்ததும் இரண்டு பேருமாக நிலக்கடலை விதை வாங்கப் போகிறோம்.