வாய் திறக்காத மீட்டர்

நவம்பர் 4, உவர்மலை

படகுக்காரர் ஒருவரின் பற்றரி இரவோடு இரவாக இறங்கிவிடுகிறதாம். விடியும்வரை வோல்ட்டேஜைப் பதிய வேண்டும். நான் முழித்திருந்து எழுத முடியுமா? பழைய எச்பி 34401ஏ மேசை மீட்டரைத் தூசிதட்டி, யூஎஸ்பி–சீரியல் அடாப்டரால் மடிக்கணினியோடு இணைத்தேன். ஒரு அசுமாத்தமும் இல்லை. மீட்டர் இன்னும் ஜிபிஐபி என்ற, அளவுக்கருவிகளுக்கான வேறொரு இணைப்பின் பக்கம்தான் காது வைத்திருந்தது. மெனுவில் ஆர்எஸ்-232 என்ற சீரியல் இணைப்புக்கு மாற்றினேன். அப்போதும் மௌனம்.

"மாமா, மீட்டர் செத்துப்போச்சோ?" என்றான் மருமகன். எனக்கும் உப்புக்காற்றின் மேல்தான் சந்தேகம். திருகோணமலையில் எதற்கும் முதலில் அதைத்தானே திட்டுவோம்.

நவம்பர் 5

அடாப்டரின் 2ஆம் (கேட்கும்), 3ஆம் (பேசும்) பின்களைச் சிறு கம்பியால் சேர்த்துவிட்டுத் தட்டச்சிட்டேன். அடித்த எழுத்தெல்லாம் திரும்பி வந்தது. ஆக, கணினிப் பக்கம் பிழையில்லை. பிறகு கைமீட்டரின் கறுப்பு முனையைப் பொதுத் தரையான 5இல் வைத்து, சிவப்பால் 3ஐத் தொட்டேன். அடாப்டரிலும் மைனஸ் வோல்ட், மேசை மீட்டரிலும் மைனஸ் வோல்ட். இரண்டுமே 3இல்தான் பேசுகின்றன! நேர்க் கேபிளில் வாயோடு வாயை வைத்துவிட்டு, காது கேட்கவில்லை என்று குறைப்பட்டிருக்கிறேன். 2ஐயும் 3ஐயும் மாற்றி, 5ஐ நேராக விட்டு, மூன்று வயர் கேபிள் ஒன்று பற்றவைத்தேன்.

நவம்பர் 6

மழை. கடைக்கு ஆளில்லை, நல்லது.

பெயர் கேட்கும் கட்டளையை அனுப்பியதும் மீட்டர் 'பீப்' என்றது. பாரிட்டி பிழை, அதாவது ஒன்றுகளின் எண்ணிக்கையைச் சரிபார்க்கும் பிட் பொருந்தவில்லை. திட்டு வாங்கினாலும் சந்தோஷம்தான், காது கேட்கிறதே! மீட்டர் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வினாடிக்கு 9600 பிட் வேகம், எழுத்துக்கு ஏழு பிட், இரட்டைப் பாரிட்டி, எழுத்தின் முடிவைக் காட்ட இரண்டு ஸ்டொப் பிட். நான் அனுப்பியது எட்டு பிட், பாரிட்டி இல்லை. கட்டளையின் முதல் எழுத்தான நட்சத்திரக் குறியில் மூன்று ஒன்றுகள் இருக்கின்றன. ஒற்றைப்படை; மீட்டர் எதிர்பார்த்ததோ இரட்டைப்படை. வாசலிலேயே இடறல்.

அமைப்பைத் திருத்தியதும் பீப் நின்றது, ஆனால் பதில் வரவில்லை. தேத்தண்ணி குடித்துக்கொண்டே கையேட்டைப் புரட்டினேன். 6ஆம் பின்னில், அதாவது டிஎஸ்ஆரில், 'சரி, அனுப்பு' என்ற சைகை இல்லாவிட்டால் இது அனுப்பாதாம். என் மூன்று வயர் கேபிளில் அதற்கு வழி எங்கே? இரு முனைகளிலும் 'நான் தயார்' என்று சொல்லும் 4ஐ மற்றதன் 6க்குக் குறுக்காகக் கொடுத்தேன். உடனே பெயரும் மாடல் இலக்கமும் திரையில் வந்து விழுந்தன.

அளவு கேட்டால் மட்டும் பிழை எண் +550: உள்ளூர் நிலையில், அதாவது முன்பக்கப் பொத்தான்களால் இயங்கும் நிலையில், இந்தக் கட்டளை செல்லாது. ஜிபிஐபியில் இந்தச் சடங்கு இல்லை. ஆர்எஸ்-232இல் முதலில் 'சிஸ்ட் ரெம்' அனுப்பி, தூர இயக்கத்துக்கு மாற்ற வேண்டும். அனுப்பினேன்.

+1.26431200ஈ+01.

"இதென்ன மாமா, கடவுச்சொல்லோ?"

"ஈ+01 என்றால் பத்தால் பெருக்கு. 12.64 வோல்ட்டடா."

நவம்பர் 7

கோப்பில் நள்ளிரவு 2.17 வரை நிமிடத்துக்கு ஒரு வரி. அப்புறம் வெறுமை. மின்வெட்டு. மடிக்கணினி தன் பற்றரியில் தாக்குப்பிடித்திருக்கிறது. கரண்ட் வந்ததும் மீட்டர் பழையபடி உள்ளூர் நிலைக்குப் போய், விடியும்வரை பீப் அடித்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா காலையிலேயே கேட்டுவிட்டார். பதில் வராவிட்டால் 'சிஸ்ட் ரெம்' மறுபடி போகும்படி நிரலில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இன்றிரவு மீட்டரை யூபிஎஸ்ஸில் போட வேண்டும்.