எலுமிச்சம்பழமும் லைட் கர்ட்டனும்

கோவைப் பக்கத்துச் சிறு பட்டறைகளில் ஆயுத பூஜைக்கு முந்திய இரண்டு நாளும் உற்பத்தி பாதிதான். மீதி நேரமெல்லாம் கழுவுவது, துடைப்பது, பெயின்ட் அடிப்பது. சாமி கும்பிடாத ஆள் அந்த இரண்டு நாளும் லீவு போடவே கூடாது. வருடத்தில் ஒரே தடவை மெஷின் மூடியெல்லாம் கழற்றப்படுகிற நேரம் அது. கொள்கையைச் சொல்லி ஒதுங்கிக்கொண்டால், மண்ணெண்ணெய் வாளியோடு நிற்கிற புதுப் பையனிடம் மெஷினை ஒப்படைத்துவிட்டுப் போனதாக ஆகும்.

திராவிடர் இயக்க மேடைகளில் ஒரு பழைய கேள்வி உண்டு. சரஸ்வதி பூஜை கொண்டாடாத நாட்டுக்காரன்தானே அச்சு எந்திரத்தையும் ரயிலையும் செய்தான்? கேள்வி நியாயமானதுதான். ஆனால் தகடு வெட்டுகிற பவர் பிரஸ் முன்னால் நிற்கிறவரிடம் அது எடுபடுவதில்லை. மெஷினை எந்த ஊர்க்காரன் செய்தான் என்பதா அவர் கவலை? சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது பத்து விரலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பயத்துக்கு மேடையில் பதில் கிடையாது. பதில், மோட்டாரின் சுற்றலை மெஷினுக்குக் கொடுக்கிற கிளட்சுக்குள் இருக்கிறது.

சிறு பட்டறைகளில் இன்னும் ஓடுகிற பழைய பிரஸ்களில் பெரும்பாலானவை கீ கிளட்ச் வகை. பெடலை மிதித்தால் தடுப்பு விலகும். ஸ்பிரிங், கீ என்கிற சிறு இரும்புத் துண்டைத் திருப்பும். சுற்றிக்கொண்டே இருக்கிற கனச் சக்கரமான பிளைவீலைக் கீ பிடித்துக்கொள்ளும். கிராங்க் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும், மேலும் கீழும் போகிற ராம் ஒரு அடி அடித்துவிட்டு மேலே வரும். அங்கே தடுப்பு கீயின் வாலைப் பிடித்து விடுவிக்க, பிரேக் ஷாஃப்டை நிறுத்தும். கீ முனை மழுங்கினாலோ, ஸ்பிரிங் தளர்ந்தாலோ, பிரேக் லைனிங்கில் எண்ணெய் இறங்கினாலோ ராம் மேலே நிற்காமல் தானாக இன்னொரு அடி இறங்கும். பட்டறைப் பேச்சில் "டபுள் அடிச்சிருச்சு" என்பார்கள்.

பெடலில் கால் இல்லை. மிதிக்கவும் இல்லை. ஆனாலும் மெஷின் இறங்குகிறது. கண்ணால் பார்த்தவருக்கு அது வேறு என்னவாகத் தோன்றும்? மெஷினுக்கு நேரம் சரியில்லை என்று ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்து, குங்குமம் தடவி வைத்துவிட்டு மறுபடி ஓட்டுவார்கள். அடுத்த நூறு அடி ஒழுங்காக விழும். பழம் வேலை செய்துவிட்டது என்றாகிவிடும். தேய்ந்த கீ எல்லா அடியிலும் தவறுவதில்லை, எப்போதாவதுதான் தவறும் என்பதால் வரும் வினை இது. பகுத்தறிவு பேசுகிற பலர் இந்த இடத்தில் "மூட நம்பிக்கை" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சிரிப்பதற்குப் பதில் ஸ்பானரை எடுத்திருக்கலாம்.

பார்க்கிற முறை இது. மெயின் ஐசோலேட்டர் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மோட்டார் நின்ற பிறகும் பிளைவீல் நிமிடக்கணக்கில் சுற்றும். முழுக்க நிற்கிற வரை கை வைக்கக் கூடாது. ராமுக்கும், தகட்டுக்கு வடிவம் கொடுக்கிற அச்சான டைக்கும் நடுவே ஒரு முட்டுக் கட்டை. பிறகு கிளட்ச் மூடியைக் கழற்றினால் கீயின் விளிம்பைக் கையால் தடவியே சொல்லிவிடலாம்: கூராக இருக்க வேண்டிய முனை உருண்டிருந்தால் மாற்றியாக வேண்டும். ஸ்பிரிங் ஒடிகிற வரை காத்திருக்க வேண்டாம், காலண்டர் வைத்து மாற்றுங்கள். அதன் விலைக்கும் ஒரு அர்ச்சனைத் தட்டின் விலைக்கும் அவ்வளவு தூரமில்லை. பிரேக்குக்கு ஒரு சாக்பீஸ் போதும். ராம் உச்சியில் நிற்கும்போது ஷாஃப்டிலும் பாடியிலும் நேராக ஒரு கோடு போட்டுவிட்டு, டை இல்லாமல், கைகள் தள்ளி இருக்க, பத்து அடி ஓட்டிப் பாருங்கள். ஷாஃப்ட் கோடு ஒவ்வொரு தடவையும் பாடிக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றால் பிரேக் வழுக்குகிறது என்று அர்த்தம்.

பூஜைச் சுத்தம் காலை வாருவதும் இங்கேதான். மண்ணெண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் கழுவும்போது அது பிரேக் லைனிங்கில் இறங்குகிறது, பேரிங் கிரீசையும் கரைத்துக்கொண்டு போகிறது. ஏர் அடித்துத் துடைத்தால் இரும்புத் தூள் ஸ்லைடுக்குள் புகுந்துகொள்ளும். பச்சைப் பெயின்ட் அடிக்கிற உற்சாகத்தில் கிரீஸ் நிப்பிள், எண்ணெய் மட்டம் பார்க்கிற கண்ணாடி, எச்சரிக்கை எழுத்து எல்லாம் மூடிப்போகும். பூஜை முடிந்து மெஷின் திறக்கிற முதல் காலைதான் டபுள் அடிக்க வாய்ப்பு அதிகமான காலை. சாமி கும்பிட்டதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மண்ணெண்ணெய்க்குச் சம்பந்தம் உண்டு.

கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தச் சொல்கிற ஒளிக்கதிர்த் திரையான லைட் கர்ட்டன் மாட்டிவிட்டால் தீர்ந்தது என்று விற்க வருகிறவர்கள் சொல்வார்கள். கீ கிளட்ச் பிரஸ்ஸில் அது அலங்காரம்தான். கீ ஒருமுறை பிடித்துவிட்டால் சுற்று முடியாமல் ராம் நிற்காது, ஒளிக்கதிரைக் கை மறித்து என்ன பயன்? அங்கே தேவை டையைச் சுற்றி நிலையான கூண்டு, பீஸ் போக மட்டும் இடம் விட்டு. நடுவழியில் நிறுத்தக்கூடிய காற்று கிளட்ச் பிரஸ்ஸுக்குத்தான் கர்ட்டன். அதையும் எங்கே மாட்டுவது என்பதற்குக் கணக்கு உண்டு. கை நொடிக்கு 2,000 மி.மீ. போகும் என்று வைத்துக்கொள்வார்கள். கர்ட்டன் உணர்ந்து பிரஸ் நிற்க மொத்தம் 0.15 நொடி ஆனால் 300 மி.மீ. தள்ளி மாட்ட வேண்டும். விரல் பருமனையே உணர்கிற 14 மி.மீ. கர்ட்டனுக்கு இந்தக் கணக்கு, கதிர் இடைவெளி கூடினால் தூரமும் கூடும். பிரேக் தேயத் தேய நிற்கிற நேரமும் கூடும். அப்போது போன வருடம் போட்ட 300 பொய்யாகிவிடும்.

இரண்டு கையாலும் அழுத்தினால்தான் அடிக்கும்படி இரண்டு பட்டன் இருக்கிற மெஷின்களில் ஒன்றின் மேல் டேப் ஒட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம். ஒரு கையால் பீஸை எடுத்துக்கொண்டே மறு கையால் அழுத்தினால் மணிக்குச் சில டஜன் கூடுதலாக வரும். இதற்குக் காரணம் பக்தியுமல்ல, அறியாமையுமல்ல, எண்ணிக்கைக்குக் கூலி தருகிற பீஸ் ரேட். இரண்டு பட்டனும் அரை நொடிக்குள் அழுத்தப்பட்டு, ஒவ்வொரு அடிக்கும் இரண்டும் விடப்பட்டால்தான் மறுபடி ஓடும்படியான ரிலே போட்டால் டேப் வேலைக்கு ஆகாது. ரேட்டை யார் நிர்ணயிக்கிறார்கள் என்ற பேச்சை அந்த ரிலே தீர்த்துவைக்காது என்பது வேறு விஷயம்.

பூஜை அன்று நாத்திகருக்கு நான்கு வேலை காத்திருக்கிறது. மைக்ரோமீட்டர், வெர்னியர் படையலுக்குப் போகட்டும், அளவு சரிபார்க்க ஒன்றோடொன்று ஒட்டவைக்கிற எஃகுக் கட்டைகளான ஸ்லிப் கேஜ் பெட்டி மட்டும் போகக் கூடாது. அதன் முகத்தில் எலுமிச்சைச் சாறோ ஈரச் சந்தனமோ பட்டால் துருப் புள்ளி விழும், பிறகு ஒன்றோடொன்று ஒட்டாது. கருவி நகர்கிற லேத் பெட்டில் விபூதி வேண்டாம், பட்டை போட ஹெட் ஸ்டாக் மூடி போதும். கற்பூரம் தின்னர் டின்னுக்கும் கட்டிங் ஆயில் தொட்டிக்கும் தள்ளி, வாசல் பக்கமாக, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் எரியட்டும். பூசணிக்காயைக் கேட்டுக்கு உள்ளே உடைத்து உடனே அள்ளிவிட வேண்டும். ரோட்டில் உடைத்தால் வழுக்கி விழுவது பைக்கில் வருகிற யாரோ ஒருவர். "அண்ணே, தீபாராதனைக்கு நீங்க மட்டும் வரமாட்டேங்கிறீங்களே" என்று கேட்டால், "நீங்க காட்டுங்க தம்பி, நான் இந்தத் தீயணைப்பான் பக்கம் நிக்கிறேன்" என்றால் யாரும் மேலே கேட்பதில்லை. பொரி, கடலையை வாங்கிக்கொள்வதால் கொள்கை ஒன்றும் கெட்டுவிடாது.

இப்போது பல பட்டறைகளில் பூஜை இரண்டு. பீகார், ஒடிசா தொழிலாளர்கள் செப்டம்பர் 17 அன்று விஸ்வகர்மா பூஜை கேட்கிறார்கள். 2023இல் அதே நாளில்தான் ஒன்றிய அரசு 18 கைத்தொழில்களுக்கான விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத் தொழிலையே தொடரச் சொல்கிறது என்று தமிழக அரசு அதை ஏற்க மறுத்து, கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாகக் கொண்டுவந்தது. குலத்தொழில் பற்றிய அந்த எதிர்ப்பு சரியானது. ஆனால் அந்தச் சண்டை பத்திரிகையில் ஓடுகிற நேரத்தில், பட்டறைக்குள் யாருக்குப் பயிற்சி, யாருக்குக் கூட்டிப் பெருக்குகிற வேலை என்பது பழையபடியேதான் முடிவாகிறது. முஸ்லிம், கிறிஸ்தவத் தொழிலாளர்கள் பூஜை வரிசையில் பின்னால் நின்று தட்டைத் தொட்டுவிட்டு நகர்வதும் அப்படித்தான். வராதவரை யாரும் திட்டுவதில்லை, பெயரை மட்டும் மனதில் வைத்துக்கொள்வார்கள். அதே வாரம் போனஸ் கவர் கைமாறுவதால் அது சாமி கொடுத்ததுபோலவும் முதலாளி மனமிரங்கியதுபோலவும் ஆகிவிடுகிறது. ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தது 8.33 விழுக்காடு போனஸ் என்பது சட்டம் வகுத்த உரிமை என்று கவரோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைக்கலாம். சங்கம் இருக்கிற இடத்தில் இது சுலபம்.

விடுமுறை முடிந்து மெஷினைத் திறக்கும்போது முதலில் மாலைகளைக் கழற்ற வேண்டும். லேத் சக்கில் மாட்டிய மாலையின் நார் ஸ்பிண்டிலில் சுற்றிக்கொள்ளும். மோட்டார் காற்றாடி மூடியில் உதிர்ந்த சாமந்தி காற்றை அடைத்து, மத்தியானத்துக்குள் மோட்டாரைச் சூடாக்கிவிடும். எலுமிச்சம்பழத்தை எண்ணி வைத்திருந்தால் எண்ணி எடுக்கலாம். ஒன்று குறைந்தால் பெல்ட் மூடிக்குள் கையை விடாமல் டார்ச் அடித்துத் தேடுங்கள், பெரும்பாலும் அங்கேதான் உருண்டு கிடக்கும். பிரேக் லைனிங்கைத் துடைத்துக் காயவிட்டு, சாக்பீஸ் கோடு போட்டு, டை மாட்டாமல் முப்பது அடி. கோடு தாண்டவில்லை என்றால் டையை மாட்டலாம்.