இரண்டாம் முறை வருகிறார்களா?

மனநலச் சேவை பற்றிய அறிக்கைகளில் முதல் பக்கத்திலேயே ஒரு எண் பெரிதாக இருக்கும். இத்தனை முகாம் நடத்தினோம், இத்தனை பேரைப் பார்த்தோம் என்று. எனக்கு அந்த எண்ணில் ஆர்வமில்லை. முதல் முறை வந்தவர்களில் எத்தனை பேர் நான்கு வாரத்துக்குள் மறுபடி வந்தார்கள், வராதவர்கள் யார் யார் என்பதைத்தான் தேடுவேன். பெரும்பாலான பதிவேடுகளில் அதற்கு ஒரு கட்டம்கூட இருக்காது.

ஒரே தடவை பார்த்து முடித்துவிடலாம் என்கிற நோய் மனநலத்தில் அநேகமாக எதுவுமில்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸடீன் போன்ற மாத்திரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். குமட்டல், தூக்கம் கலைவது, ஒரு படபடப்பு, இவையெல்லாம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். பேச்சு சிகிச்சை என்றால் குறைந்தது ஐந்தாறு அமர்வு. ஆக, ஒரே முறை வந்துபோனவருக்கு நம்மிடமிருந்து கிடைத்தது குமட்டல் மட்டும்தான். "மருந்து ஒத்துக்கவே இல்லை" என்று அவர் பக்கத்து வீட்டில் சொன்னால் அதில் தப்பே இல்லை.

ஜிம்பாப்வேயைச் சேர்ந்த மனநல மருத்துவர் டிக்ஸன் சிபாண்டா பொதுமேடைகளில் சொல்லியிருப்பது இது: அவரிடம் சிகிச்சையில் இருந்த ஓர் இளம்பெண் மருத்துவமனைக்கு வர வேண்டிய நேரத்தில், குடும்பத்திடம் பஸ்ஸுக்குக் காசில்லாமல் வர முடியாமலே போய், உயிரை இழந்தார். மருத்துவமனையில் தான் உட்கார்ந்திருந்தால் போதாது என்று சிபாண்டாவுக்குப் பட்டது. 2006இல் தலைநகர் ஹராரேயின் ஆரம்பச் சுகாதார மையங்களின் வளாகத்தில் மர பெஞ்சுகள் வந்தன. அவற்றில் உட்கார்ந்து பேசியவர்கள் அந்தந்தப் பகுதியின் பாட்டிமார்கள். முதலில் வைத்த பெயர் "மனநல பெஞ்ச்". இந்தப் பெயரை வைத்தால் யார் வந்து உட்காருவார்கள் என்று பாட்டிகள்தான் கேட்டார்கள். "நட்பு பெஞ்ச்" ஆனது. 24 மையங்களில் 573 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. ஆறு அமர்வுகள், பிரச்சினையைத் தீர்க்கும் முறையிலான உரையாடல். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட இவர்களுக்கு அறிகுறிகள் நன்றாகக் குறைந்திருந்தன.

இதைப் படித்துவிட்டுப் பலரும் முதலில் செய்வது பெஞ்ச் வாங்கிப் போடுவது! பெஞ்சுக்குப் பின்னால் இருப்பதை யாரும் வாங்குவதில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

சிகிச்சை இலவசம் என்று போர்டில் எழுதியிருந்தாலும் வருவது இலவசமில்லை. போகவரச் செலவு, அன்றைய கூலி, கூட வருபவரின் கூலி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். இவற்றில் நம்மால் குறைக்கக்கூடியவை உண்டு. மருத்துவர் ஒரு நாள், ஆலோசகர் இன்னொரு நாள், மாத்திரை மூன்றாம் நாள் என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே வருகையில் முடியுங்கள். "காலை எட்டு மணிக்கு எல்லோரும் வாங்க" என்று சொல்லாமல் மணி குறித்துக் கொடுங்கள். தவணைத் தேதியை நம் வசதிக்குப் போடாமல், "உங்களுக்கு எந்த நாள் வேலை இருக்காது?" என்று கேட்டுப் போடுங்கள். நிலை சீரானவருக்கு இரண்டு மூன்று மாதத்து மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கலாம். ஆனால் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவர் கையில் மொத்தமாகக் கொடுக்கக் கூடாது, வாரத்துக்கு வாரம்தான். வாரம் ஒருமுறை வரச் சொன்னால் அவரால் வர முடியாது என்கிற சிக்கல் இங்கேதான் எழுகிறது. அந்த ஒருவருக்காக மாத்திரை அவர் வீட்டுப் பக்கம் போக வேண்டும். ஊர்ச் சுகாதாரப் பணியாளர் கொண்டுபோய்க் கொடுக்கலாம், அல்லது அவர் நம்பும் உறவினரிடம், அவர் சம்மதத்தோடு, கொடுத்து வைக்கலாம்.

அடுத்தது வினாப்பட்டியல். இதில் நடக்கும் தப்புகள் வெளியே தெரிவதே இல்லை என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மனச்சோர்வுக்கு உலகெங்கும் அதிகம் பயன்படுவது பிஎச்கியூ-9. ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எவ்வளவு அடிக்கடி என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனித்துப் பார்க்க வேண்டும். காகிதத்தில் எளிதுதான். விடைகள் நான்கு: இல்லவே இல்லை, சில நாட்கள், பாதிக்கு மேற்பட்ட நாட்கள், கிட்டத்தட்ட தினமும். பள்ளிக்கே போகாதவரிடம் "பாதிக்கு மேற்பட்ட நாட்கள்" என்று கேட்டால் அவர் நம் முகத்தைப் பார்த்து நாம் எதை எதிர்பார்க்கிறோமோ அதைச் சொல்வார். பதினான்கு தீக்குச்சிகளை மேஜையில் வைத்து, "போன ரெண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்துச்சு, அத்தனை குச்சியை இந்தப் பக்கம் தள்ளுங்க" என்று கேட்டுப் பாருங்கள். விடை மாறும்.

மொழிபெயர்ப்பு இன்னொரு தலைவலி. "நீங்கள் மனச்சோர்வாக உணர்கிறீர்களா?" என்று வீட்டில் யாராவது யாரையாவது கேட்டதுண்டா? "மனசே சரியில்லை", "எதிலும் பிடிப்பில்லை", "யோசனையாவே இருக்கு", "நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு", இப்படித்தான் சொல்வார்கள். ஹராரேயில் பயன்படுத்திய பதினான்கு கேள்விப் பட்டியலும் ஷோனா மொழியில் மக்கள் பேசும் சொற்களிலிருந்துதான் உருவானது. மனச்சோர்வு போன்ற நிலைக்கு அங்கே "குஃபுங்கிசிசா" என்று பெயர். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். நம் "யோசனையாவே இருக்கு" அதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது. மொழிபெயர்த்ததை மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து மூலமொழிக்குத் திருப்பச் சொல்வது முதல் சோதனை. அதோடு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த எட்டுப் பத்துப் பேரிடம் ஒவ்வொரு கேள்வியையும் படித்துக்காட்டி, "இதில் என்ன கேட்கிறோம், உங்க வார்த்தையில் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். எட்டாவது கேள்வியில் பாதிப் பேர் தடுக்கி விழுவார்கள். மிக மெதுவாக நடமாடுகிறீர்களா, அல்லது அதற்கு நேர்மாறாக நிலைகொள்ளாமல் அலைகிறீர்களா என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறது அது. இரண்டாகப் பிரித்துக் கேட்டு, அதிகமான விடையைக் குறித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

வறுமையே மதிப்பெண்ணாக ஏறுவதும் உண்டு. ஐந்தாவது கேள்வி பசியின்மை பற்றியது. பசிக்கவில்லையா, சாப்பிட எதுவும் இல்லையா? மூன்றாவது தூக்கம். ஒரே அறையில் ஏழு பேர் படுக்கும் வீட்டில், இரவு வேலைக்குப் போகிறவர் என்ன விடை சொல்வார்? எண்ணைக் கூட்டுவதற்கு முன் காரணத்தை ஒரு வரி எழுதிக்கொள்ளாவிட்டால், ரேஷன் கார்டு தேவைப்பட்டவருக்கு மாத்திரை எழுதிக்கொடுப்போம். தலைகீழாகவும் நடக்கும். "அவங்க கஷ்டத்துக்கு யாருக்குத்தான் மனசு நல்லா இருக்கும்" என்று சொல்லி உண்மையான மனச்சோர்வைக் கடந்துபோய்விடுவார்கள். இதுதான் ஏழைகளுக்கு அதிகம் நடக்கும் அநியாயம் என்பது என் எண்ணம்.

ஒன்பதாவது கேள்வி இறந்துவிடலாம் என்ற எண்ணம் பற்றியது. அதற்கு 0 தவிர வேறு எது வந்தாலும் அன்றே, அந்த இடத்திலேயே ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். பேச ஆள் இல்லாத நாளில் அந்தப் படிவத்தை விநியோகிக்கவே கூடாது.

மொழி தெரியாதவர், காது கேளாதவர் வந்தால் என்ன செய்வது? கூட வந்த பிள்ளையையோ கணவரையோ மொழிபெயர்க்கச் சொல்வதுதான் வழக்கம். அடிபடும் பெண் அடிப்பவர் வாய்வழியாக எதைச் சொல்வார்? வெளியாளே மொழிபெயர்த்தாலும் ஒரு பொறி இருக்கிறது. நல்ல மனதோடு வாக்கியங்களைச் சரிசெய்துவிடுவார். நோயாளி கோர்வையில்லாமல் தாவித் தாவிப் பேசியதை அழகான ஒரு பத்தியாக்கிக் கொடுப்பார். மனச்சிதைவைக் கண்டுபிடிக்க அந்தக் கோர்வையின்மைதான் நமக்குத் தேவை. எனவே அறைக்குள் போவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, "புரியாததைப் புரியாத மாதிரியே சொல்லுங்க, 'நான்' என்று அவர் சொன்னால் நீங்களும் 'நான்' என்றே சொல்லுங்க" என்று சொல்லி வையுங்கள். பேசும்போது நோயாளியைப் பார்த்துப் பேசுங்கள், இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள், தவணைக்கு இரட்டிப்பு நேரம் ஒதுக்குங்கள். சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. காகிதத்தில் எழுதிக் காட்டுவது அதற்கு ஈடாகாது.

சாய்தளம், அகலமான கதவு, பெரிய எழுத்துப் படிவம் இவற்றை எல்லோரும் சொல்வார்கள், செய்யுங்கள். பாலினக் கட்டத்தில் இரண்டுக்கு மேல் இடம் விடுங்கள். உலக சுகாதார நிறுவனம் ஒருபால் ஈர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து 1990இலேயே எடுத்துவிட்டது. அந்தப் பட்டியலின் இப்போதைய பதிப்பான ஐசிடி-11இல் திருநர் நிலையும் மனநோய் அத்தியாயத்தில் இல்லை. இன்னமும் இவற்றை "மாற்றித் தருகிறேன்" என்று சொல்பவர் உங்கள் குழுவில் இருந்தால், எத்தனை பயிற்சி வகுப்பு நடத்தினாலும் அந்தச் சமூகத்தார் உங்கள் வாசலுக்கு வரமாட்டார்கள்.

மருந்துக்கு வருவோம். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் ஆரம்பித்த முதல் சில நாட்களில் சிலருக்கு, முக்கியமாக இளைஞர்களுக்கு, கழுத்து ஒருபக்கம் இழுத்துக்கொள்ளும், கண் மேலே செருகும், பேச்சு குழறும். பார்க்கவே பயமாக இருக்கும். பைபெரிடென் போன்ற மருந்தை ஊசியாகப் போட்டால் பெரும்பாலும் அரைமணிக்குள் விட்டுவிடும். ஆனால் முன்கூட்டிச் சொல்லாமல் அனுப்பியிருந்தால், வீட்டார் அதைப் பேய் என்பார்கள், அல்லது மருந்து மூளையைக் கெடுத்துவிட்டது என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் திரும்ப வரமாட்டார்கள். "இப்படி ஆகலாம், ஆனால் உடனே இங்கே வந்தால் சரியாகிவிடும்" என்று இரண்டு வாக்கியம் சொன்னால் போதும்.

மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போதே வசதியில்லாதவரின் வாழ்க்கையை நினைக்க வேண்டும். அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோய்க்கு லித்தியம் நல்ல மருந்து. ஆனால் கடைசி வேளை எடுத்து 12 மணி நேரம் கழித்து ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும். அது லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டும். வெயிலில் உழைத்து வியர்ப்பவருக்கு, வயிற்றுப்போக்கு வந்தவருக்கு, உடலில் நீர் குறைந்து அளவு ஏறிவிடும். பரிசோதனைக்கு வழியில்லாத இடத்தில் அதைத் தொடங்காதீர்கள். அதே நோய்க்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட், கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு வேண்டாம். மருந்து வரத்து அடிக்கடி அறுந்துபோகும் இடங்களில் ஃப்ளூவாக்ஸடீனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. உடலில் நெடுநாள் தங்குவதால் சில நாள் விட்டுப்போனாலும் தலைசுற்றல் தொந்தரவு குறைவு. இன்னொன்று, கம்பெனி மாறி மாத்திரையின் நிறம் மாறினால், "அதே மாத்திரைதான்" என்று பழைய அட்டையையும் புதியதையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். காட்டாவிட்டால் பாதிப் பேர் சாப்பிடாமல் வைத்துவிடுவார்கள்.

இப்போது பெஞ்சுக்குப் பின்னால் இருப்பது. பட்டப்படிப்பு இல்லாத ஊர்ப் பணியாளரால் பேச்சு சிகிச்சை தர முடியும் என்பதில் இனி சந்தேகமில்லை. பாகிஸ்தானில் ராவல்பிண்டியின் கிராமங்களில் பெண் சுகாதாரப் பணியாளர்கள் கர்ப்பிணிகளின் மனச்சோர்வுக்குப் பேசிய ஆய்வு 2008இல் வந்தது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது அவர்களிடம் பேசிய தாய்மாரில் 23 சதவீதம் பேருக்கே மனச்சோர்வு இருந்தது, மற்றவர்களில் 53 சதவீதம். அந்தப் பணியாளர்கள் வீட்டுக்குள் நுழைந்ததே "குழந்தை நன்றாக வளர" என்று சொல்லித்தான். மாமியாரும் கூட உட்கார்ந்து கேட்டார். ஆனால் பயிற்சி முடிந்த நாளோடு விட்டுவிட்டால் மூன்றே மாதத்தில் அமர்வு அறிவுரையாகத் தேய்ந்துவிடும். "கவலைப்படாதீங்க, கோயிலுக்குப் போங்க" என்று வந்து நிற்கும். வாரம் ஒருமுறை குழுவாகக் கூடி, ஒருவர் தன் அமர்வின் ஒலிப்பதிவை (நோயாளியின் அனுமதியோடு எடுத்தது) போட்டுக்காட்ட, மற்றவர்கள் சரிபார்ப்புப் பட்டியலை வைத்து மதிப்பெண் போடும் வழக்கம் இருந்தால்தான் தரம் நிற்கும். பட்ஜெட்டில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

கடைசியாக, தவணைக்கு வராதவர். மூன்றாம் நாள் ஒரு அழைப்பு. அந்த போன் வீட்டுக்கே பொதுவாக இருக்கலாம், அதனால் எடுப்பவரிடம் "மனநல மையம்" என்று சொல்லாதீர்கள். எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும், எந்த நேரத்தில் பேசலாம் என்பதை முதல் வருகையிலேயே கேட்டு எழுதியிருக்க வேண்டும். "ஏன் வரலை?" என்று ஆரம்பிக்காமல், "மாத்திரை எப்படி இருக்கு, ஏதாவது தொந்தரவு பண்ணுதா?" என்று ஆரம்பியுங்கள். பதிவேட்டில் "வரவில்லை" என்று மட்டும் எழுதாமல், காரணத்தை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த ஒரு கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தால், அடுத்து எதை மாற்றுவது என்று தெரிந்துவிடும்.