டோங்காட் முதல் மேட்டுநிலம் வரை: டொர்னேடோ துரத்துவோர் நாட்குறிப்பு

5 ஜூன் 2024, புதன்

திங்கள் பிற்பகல் தென்னாப்பிரிக்காவின் டோங்காட் நகரைத் தாக்கியது டொர்னேடோ, மேகத்திலிருந்து தரைவரை இறங்கிச் சுழலும் காற்றுத்தூண். புயல் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் எதுவும் விளங்காது. இந்தக் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் இதற்குப் பருவம் கோடைதான். நவம்பர் முதல் ஜனவரி வரை நாம் வானத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. இம்முறை குளிர்காலத்தில் வந்தது. காரணம் கட்-ஆஃப் லோ: மேற்கிலிருந்து ஓடும் மேல்வளியிலிருந்து அறுந்து, தனித்துச் சுழலும் குளிர்ந்த தாழ்வழுத்தம். மேலே குளிர், கீழே வெதுவெதுப்பான கடலின் ஈரம், உயரத்துக்கு உயரம் திசை மாறும் காற்று. இந்த மூன்றும் கூடினால் மாதம் எதுவானாலும் ஆபத்துதான். இனி ஜூனிலும் வண்டியைத் தயாராக வைக்க வேண்டும்.

8 ஜூன், சனி

தடத்தைப் படிக்கக் கரும்புத் தோட்டத்தைவிட நல்ல ஏடு இல்லை. மேகத்திலிருந்து கொட்டி இறங்கும் நேர்க்காற்று என்றால் கரும்பு விசிறிபோல் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். டொர்னேடோ என்றால் இரு பக்கமும் நடுக்கோட்டை நோக்கி உள்ளே சாயும். தென்கோளத்தில் பெரும்பாலானவை கடிகாரச் சுற்றில் சுழல்வதால், அது செல்லும் திசைக்கு இடப்பக்கத்தில் சுழலும் வேகமும் நகரும் வேகமும் கூடிவிடும். அழிவும் அங்கேதான் அதிகம்.

ஆனால் தடம் படிப்பது பிறகுதான். டோங்காட்டின் மக்வவேனி போன்ற தகர வீட்டுக் குடியிருப்பில் முதல் வேலை ஆட்களைத் தேடுவது. காற்று வீட்டை "வெடிக்க" வைப்பதில்லை. சன்னலோ கதவோ உடைந்ததும் உள்ளே புகும் காற்று கூரையை அடியிலிருந்து தள்ளுகிறது. மேலே ஓடும் காற்றும் அதை உறிஞ்சுகிறது. கூரை போனதும் சுவருக்குப் பிடிப்பு இல்லை, சாய்ந்துவிடும். அழுத்தம் சமமாகட்டும் என்று சன்னலைத் திறந்துவைப்பது தவறு. அதற்குச் செலவாகும் நேரத்தில் எல்லாரும் சன்னல் இல்லாத உள்ளறைக்குப் போய்விடலாம்.

22 செப்டம்பர், ஞாயிறு

பக்கியில் (பின்புறம் திறந்த சிறு சுமைவண்டி) ஏற்ற வேண்டியவை. இவ்வருடம் கேமரா முக்காலியை இறக்கிவிட்டு அந்த இடத்தில் மீட்புச் சாமான் வைக்கிறோம்: தடித்த அடிப்பாகமுள்ள பூட்ஸ் (ஆணி குத்துவதுதான் அடிக்கடி வரும் காயம்), தோல் கையுறை, தலைக்கவசம், எதிரொளிப்புச் சட்டை, கைரம்பம், கடப்பாரை, டூர்னிக்கே (இரத்தப்போக்கை நிறுத்த இறுக்கும் பட்டை) இரண்டு, குடிநீர் 20 லிட்டர், வெவ்வேறு நிறுவன சிம் உள்ள போன் இரண்டு. டேங்க் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. மின்சாரம் போனால் பம்பும் நிற்கும். நுண்தூசியைத் தடுக்கும் எஃப்எஃப்பி2 முகக்கவசத்தை மறக்காதீர்கள், தம்பிமாரே. 2008இல் தடை வந்தாலும் பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இன்னும் இருக்கிறது. உடைந்த துண்டைத் தண்ணீர் தெளித்து நனைக்காமல் கூட்டவே கூடாது.

9 நவம்பர், சனி

அமெரிக்கத் துரத்துவோர் வழிகாட்டியை அப்படியே எடுத்தால் உயிர் போகும். அங்கே புயலுக்குத் தென்கிழக்கே நிற்பார்கள். இங்கே கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்புங்கள்: கிழக்கே நகரும் சூப்பர்செல்லுக்கு (முழுதாகச் சுழலும் பெரிய இடிமேகம்) வடகிழக்கே நிற்க வேண்டும்; ஆலங்கட்டி மழை தெற்கே இருக்கும். வலுத்த செல் இடப்பக்கம், அதாவது வடக்குப் பக்கமாக, விலகும். அந்த விலகலுக்கும் சேர்த்து இடைவெளி விடுங்கள்.

மாகாணத்தின் உள்பகுதி மேட்டுநிலமான மிட்லேண்ட்ஸில் மேடும் யூகலிப்டஸ் தோப்பும் பார்வையை மறைக்கும். மழைக்குள் ஒளிந்த டொர்னேடோ தெரியாது. எனவே வெளியேற இரண்டு தார்ச்சாலையாவது இருக்கும் இடத்தில் மட்டும் நில்லுங்கள். கரும்பு லாரி போகும் செம்மண் பாதை மழையில் சோப்புக்கட்டிபோல் வழுக்கும். சுழல் இடமோ வலமோ நகராமல் பெரிதாகிக்கொண்டே போனால் அது உங்களை நோக்கி வருகிறது. உடனே அதன் பாதைக்குச் செங்குத்தாக விலகுங்கள். இருட்டிய பிறகு துரத்தல் இல்லை. இதில் விவாதமும் இல்லை.

15 டிசம்பர், ஞாயிறு

1998இல் இதே நாளில் தென்னாப்பிரிக்காவின் உம்டாட்டா நகரில் டொர்னேடோ. நெல்சன் மண்டேலா அப்போது ஒரு மருந்துக்கடைக்குள் இருந்தார், தப்பினார். வெளியே இருந்த பலர் தப்பவில்லை.

டொர்னேடோ வீடுகளைத் தொட்ட கணத்தில் துரத்தல் முடிகிறது. படம் எடுக்கும் கை இறங்க வேண்டும். அவசர எண் 112க்கு அழைத்து முதலில் இடத்தைச் சொல்லுங்கள், அருகிலுள்ள கோயிலோ பள்ளியோ குறிப்பாக. அறுந்த கம்பியிலிருந்து விலகி நில்லுங்கள். தெருவில் மின்சாரம் இல்லாவிட்டாலும் சூரியத் தகடும் இன்வெர்ட்டர் பேட்டரியும் உயிரோடு இருக்கும். கேஸ் சிலிண்டர் வாசனை வந்தால் கைவிளக்கின் பொத்தானைக்கூட அழுத்தக் கூடாது. பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாரும் பேச்சை நிறுத்தி, ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். இடிபாட்டின் அடியிலிருந்து வரும் குரல் சின்னது. "பங்காகி அபாந்து அபங்காபாகாதி?", உள்ளே எத்தனை பேர் என்று, இங்குள்ளோர் பேசும் சூலு மொழியில் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். தமிழில் மட்டும் கூவினால் பாதி வீட்டிலிருந்து பதில் வராது.